குசினிச் சுவரும் அதன் வர்ணமும்

வீடு கட்டுவோர் வாசற் கதவுக்கு நல்ல மரம் தேடுவதில் மாதக்கணக்கைச் செலவிடுவர். முன்விறாந்தையின் தரைக்கு எது பொருத்தம் என்று ஆராய்வதில் வாரக்கணக்கைச் செலவிடுவர். குசினிச் சுவருக்கு எந்த வர்ணம் என்னும் வினாவை மட்டும் கடைசி நாளில், கடைக்காரரின் முன்னிலையில், ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடுவர். மண்டபத்துக்கு வாங்கியதில் மீந்தது குசினிக்குப் போதும் என்பதே பெரும்பாலும் அத்தீர்ப்பாக இருக்கும். புகை, ஆவி, எண்ணெய்த் துளி, மஞ்சட்கறை, மீன் கழுவிய நீர், ஈரக்கை ஆகிய அனைத்தையும் நாள்தோறும் தாங்குவது அந்தச் சுவர்தான். வீட்டில் மிகுதியாக உழைக்கும் சுவருக்கே மிகக் குறைந்த சிந்தனை கிடைக்கிறது.

கிழக்கிலங்கையில், வடக்கே மருதமுனை முதல் தெற்கே பொத்துவில் வரை, கடலுக்கும் வயலுக்கும் இடையே அமைந்த முஸ்லிம் ஊர்களில் இந்த வினாவுக்குத் தனிப் பொருள் ஒன்று உண்டு. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய இவ்வூர்களில் வீடு மகளுக்கு உரியது. பெற்றோர் மகளுக்கென வீடு கட்டிக் கொடுப்பர். மணமகன் மனைவியின் வீட்டில் வந்து வாழ்வான். இவ்வழக்கமும் தாய்வழிக் குடிமுறையும் இக்கரையில் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானவை என்பதை, அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக எழுதியுள்ளார். வீட்டின் உறுதி மகளின் பெயரில் இருக்கிறது; அடுப்பு மகளின் கையில் இருக்கிறது. ஆயினும் ஹாட்வெயார் கடையில் வர்ண அட்டையைப் புரட்டிப் பார்ப்பவர் பெரும்பாலும் வாப்பாவோ காக்காவோ ஆவார்.

குசினி என்னும் சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. சொல் கடல்கடந்து வந்ததாயினும் குசினி இந்த மண்ணுக்கு ஏற்றவாறே அமைந்தது. முற்காலத்தில் அது வீட்டோடு ஒட்டாது வளவின் பின்புறத்தில் தனியே நிற்கும். கிடுகுக் கூரையும், மண் சுவரும், கூரைக்கும் சுவருக்கும் இடையே புகை வெளியேற ஒரு வெளியும் அதற்கு இருக்கும். வசதி படைத்தோர் கற்சுவர் எழுப்பிச் சுண்ணாம்பு அடிப்பர். அடுப்புக்குப் பின்னால் உள்ள பகுதி சில வாரங்களில் கறுத்துவிடும். நோன்பு வருவதற்கு முன் மீண்டும் வெள்ளையடிப்பர். அதைப் பழமை என்று இன்று ஒதுக்குவோர், அந்தச் சுண்ணாம்பு என்ன வேலை செய்தது என்பதை அறிதல் நன்று.

முருகைக்கல்லையோ சுண்ணக்கல்லையோ சூளையில் சுட்டால் கிடைப்பது சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் வார்த்தால் கொதித்துப் பொடியாகி நீற்றிய சுண்ணாம்பாகும். அதை நீரிற் கரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லின் இயல்பை அடைகிறது. சுவரில் ஒட்டியிருப்பது வெறும் வர்ணமன்று, மெல்லிய கற்படலம். அப்படலத்தில் நுண்ணிய துளைகள் உண்டு. சுவருக்குள் இருக்கும் ஈரம் அவற்றின் வழியே வெளியேறும். புதிய சுண்ணாம்பு கடுமையான காரத்தன்மை உடையதாகையால் பூஞ்சணம் அதில் எளிதில் வேர்கொள்வதில்லை. மஞ்சள் நீர் தெறித்த புதுச் சுண்ணாம்புச் சுவர் செந்நிறமாவதைக் குசினியில் நிற்கும் பெண்கள் கண்டிருப்பர். அது அந்தக் காரத்தின் சாட்சியே.

முருகைக்கல்லை அகழ்ந்து சூளையில் இடும் தொழில் இலங்கையின் கரைகளில் நெடுங்காலம் நடந்தது. அதனால் கடலரிப்பு மிகுந்தது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதும் சூளை வைப்பதும் தடை செய்யப்பட்டன. மாத்தளை போன்ற உள்நாட்டுப் பகுதிகளின் கல்லிலிருந்து சுண்ணாம்பு கிடைக்கிறது. ஆகவே வெள்ளையடிக்க விரும்பும் குடும்பம் கடலின் அரணைக் குலைக்க வேண்டியதில்லை.

குசினியின் உருவம் பிற்காலத்தில் மாறியது. சீமெந்துக் கல்லும் சீமெந்துப் பூச்சும் வந்தன. குசினி வீட்டுக்குள் புகுந்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இம்மாற்றத்தைப் பெருந்துயரோடு விரைவாக்கியது. இலங்கையில் அப்பேரலையால் மிகுந்த உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. 10,000 பேருக்கு மேல் அங்கு மாண்டனர். கல்முனைக் கரையோரத்தில் தெருத்தெருவாக வீடுகள் அழிந்தன. பின்னர் எழுந்த வீடுகளில் குசினி சிறியது, ஒரு யன்னல், எரிவாயு அடுப்பை எண்ணி அமைத்த மேடை. 2022 இல் நாட்டில் எரிவாயுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பல குடும்பங்கள் அத்தகைய குசினிக்குள்ளேயே மீண்டும் விறகு மூட்டின. மெல்லிய நிறம் பூசிய சுவர்கள் சில நாட்களில் கரிபடிந்தன. அடுப்பு எதுவாயினும் தாங்கவல்ல பூச்சு எது என்னும் வினா அன்று பல வீடுகளில் எழுந்தது.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது பழமொழி. வர்ணத்தைத் தேர்வதற்கு முன் சுவரைப் பார்த்தல் வேண்டும். கடற்கரை ஊர்களில் சுவரின் முதற்பகை உப்பு. கழுவாத கடல் மணலாலும் உவர்நீராலும் குழைத்த பூச்சில் உப்பு தங்கிவிடுகிறது. ஈரம் உலரும்போது அது வெண்பொடியாகச் சுவரின் மேல் பூக்கிறது. அதன்மேல் எந்த விலையுயர்ந்த பூச்சைப் பூசினாலும், உப்பு அதைப் பின்னிருந்து தள்ளிக் கொப்புளமாக்கி உரித்துவிடும். உலர்ந்த தூரிகையால் உப்பைத் தேய்த்தெடுத்து, ஈரம் ஏறும் வழியை அடைத்து, சுவரை உலரவிட்ட பின்னரே வர்ணத்தைப் பற்றி எண்ணவேண்டும். புதிய சீமெந்துப் பூச்சாயின் குறைந்தது 28 நாட்கள் பொறுத்தல் வேண்டும். புதுச் சீமெந்தின் காரம் எனாமலில் உள்ள எண்ணெயைச் சவர்க்காரம் போலாக்கிவிடும். பூச்சு பிசுபிசுத்து உரியும்.

இரண்டாவது பகை காலம் அறியாத அவசரம். கிழக்கில் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெய்யும். கச்சான் காற்று வீசும் ஆண்டின் நடுப்பகுதியே சுவர் நன்கு உலரும் காலம். ஆனால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நோன்பை ஒட்டியே என்பது வழக்கம். பிறைக் கணக்கின்படி ரமழான் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே வருகிறது. 2028 இல் அது ஜனவரி இறுதியிலும், 2030 இல் ஜனவரித் தொடக்கத்திலும், அதே ஆண்டின் டிசெம்பர் இறுதியில் மீண்டும் ஒருமுறையும் வரக்கூடும். அவ்வாண்டுகளில் நோன்புக்கு முந்திய வாரத்தில் பூசும் வர்ணம் மழையில் நனைந்த சுவரின்மேலேயே விழும். மழைக்கு முன், ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரில் வேலையை முடித்துவிட்டு, நோன்புக்கு முன் சுவரைத் துடைத்துத் துப்புரவாக்கினால் போதும். வழக்கத்தின் நோக்கம் துப்புரவேயன்றிப் புதுவர்ணம் அன்று.

அடுத்து, பூச்சின் வகை. சுண்ணாம்பு மங்கலானது, மூச்சுவிடுவது, மலிவானது. ஆயின் கழுவத்தக்கதன்று, துணியில் ஒட்டும். நீரில் கரையும் இமல்ஷன் வர்ணங்களில் மங்கலானவையும், சற்றே மினுமினுப்பவையும் உண்டு. மினுக்கம் கூடக்கூடக் கழுவுவது எளிதாகும். எண்ணெய் கலந்த எனாமல் கண்ணாடிபோற் பளபளக்கும். எண்ணெயும் மீன் வாடையும் அதற்குள் ஊறமாட்டா. ஆனால் அது சுவரின் மூச்சை அடைத்துவிடும். ஈரச் சுவரில் எனாமல் பூசுவது கொதிக்கும் பானையை இறுக மூடுவதற்கு ஒப்பாகும். மேலும் பளபளப்பு சுவரின் மேடுபள்ளத்தை மறைக்காது, எடுத்துக் காட்டும்.

இவற்றுள் ஒன்றே முழுக் குசினிக்கும் ஏற்றது என்று கொள்வதே தவறு. குசினியில் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு தொழில் செய்கிறது. அடுப்புக்குப் பின்புறமும் கழுவுமிடத்தின் மேற்புறமும் நாள்தோறும் துடைக்கப்பட வேண்டியவை. அங்கு, சுவர் உலர்ந்திருப்பின், மினுக்கமுள்ள கழுவத்தக்க பூச்சோ, இயன்றால் டைல்ஸோ ஏற்றது. அடுப்பை அடுத்த சுவரில் நெஞ்சுயரம் வரையேனும் இது வேண்டும். அதற்கு மேலே, கைபடாத பகுதியிலும், வெளிச்சுவரின் உட்புறத்திலும், ஆவி போய் ஒதுங்கும் மூலைகளிலும் சுண்ணாம்போ மங்கலான இமல்ஷனோ போதும். அங்கு சுவர் மூச்சுவிட வேண்டும். விறகு எரியும் தனிக் குசினிக்கு இன்றும் சுண்ணாம்புக்கு நிகரானது அரிது. கரிபடிந்தால் தட்டிவிட்டு மறுபடியும் அடிக்கலாம், செலவு சிறிது.

சுண்ணாம்பு அடிப்பதிலும் முறை உண்டு. நீற்றிய சுண்ணாம்பை ஓரிரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடித்து, பால்போல நீர்க்கக் கலக்க வேண்டும். சுவரை முதலில் சற்று நனைத்து, தடிப்பாக ஒருமுறை அடிப்பதை விடுத்து, மெல்லியதாக மூன்றுமுறை அடிக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்தது. கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு விளையுமாதலால் பிள்ளைகளை அருகில் விடலாகாது. நிறம் வேண்டுவோர் காவி, மஞ்சட்காவி போன்ற மண்வர்ணங்களையும், துணிக்கு இடும் நீலத்தில் சிறிதையும் சேர்க்கலாம். இவை சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். இலைச்சாறும் பூச்சாறும் தாங்கமாட்டா.

நிறத்தைத் தேர்வதில் முதற்கேள்வி அழகு அன்று, வெளிச்சம். வெண்மையான சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பங்கைத் திருப்பித் தருகிறது. கருநீலமும் கரும்பச்சையும் அதை விழுங்கிவிடுகின்றன. ஒரே யன்னல் உள்ள குசினியில் அரிசியிலுள்ள கல்லும் மீனிலுள்ள முள்ளும் தெரிய வேண்டுமாயின் மேற்சுவரும் கூரையின் உட்புறமும் வெளிர்நிறமாக இருத்தல் வேண்டும். கீழ்ப்பகுதியில் சற்றே அழுத்தமான நிறம் இருப்பின் கறை கண்ணை உறுத்தாது. ஆயினும் அழுக்கை மறைக்கும் நிறம் நல்ல நிறம் என்று எண்ணுதல் ஆகாது. மறைந்த அழுக்கு மறைந்த இடத்திலேயே இருக்கும். ஈயும் கரப்பானும் அதை மறப்பதில்லை.

இவ்வினாவைப் பிறநாட்டாரும் ஆராய்ந்துள்ளனர். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 1926 இல் தொழிலாளர் குடியிருப்புகளுக்கென மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் சிறிய குசினி ஒன்றை வடிவமைத்தார். சமைப்பவள் எத்தனை அடி நடக்கிறாள், எங்கே கை நீட்டுகிறாள் என்பதைக் கணக்கிட்டு அது அமைக்கப்பட்டது. அதன் அலுமாரிகளுக்கு நீலப்பச்சை வர்ணம் பூசப்பட்டது. நீலநிறத்தை ஈக்கள் நாடுவதில்லை என்று அக்காலத்தார் கருதினர். அக்கருத்து எவ்வாறாயினும், வர்ணத்துக்கு ஒரு காரணம் வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். அந்தக் கேள்வியே கற்கத்தக்கது.

வர்ண அட்டையில் விரலளவு தெரியும் நிறம் சுவரில் அவ்வாறே தோன்றாது. சுவரின் பரப்பில் அது மேலும் அழுத்தமாகத் தெரியும். ஆகவே சிறிதளவே வாங்கி, அடுப்பின் அருகே ஓரடிச் சதுரத்தில் பூசிப் பார்த்தல் நன்று. காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, ஸஹர் உணவுக்கு எழும் வேளையில் மின்விளக்கின் கீழ் ஒருமுறை அதைப் பார்க்கவேண்டும். இக்கரையின் குசினிகள் ஆண்டில் ஒரு மாதம் விடியுமுன்னரே விழித்தெழுபவை. அந்த வேளையில் கண்ணுக்கு இதமாக இருக்கும் நிறம் எந்த வேளைக்கும் ஏற்றதாக இருக்கும்.

இதுவரை கூறியவை வசதியும் துப்புரவும் பற்றியன. இனிக் கூறுவது உயிர் பற்றியது. பளிச்சென்ற மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிற எனாமல் வர்ணங்களுக்கு அந்நிறத்தைத் தர ஈயம் கலந்த நிறப்பொடிகள் நெடுங்காலம் பயன்பட்டன. வேறு நிறங்களிலும் விரைவில் உலரும்பொருட்டு ஈயம் சேர்க்கப்பட்டதுண்டு. ஈயம் உடலில் சிறிது சிறிதாகச் சேரும் நஞ்சு. அது குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்குகிறது. கற்கும் ஆற்றலைக் குறைக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வர்ணம் சுவரிலும் கதவிலும் உறுதியாக இருக்கும்வரை தீங்கு குறைவு. அது உரிந்து தூளாகும்போது, தரையில் தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குச் செல்கிறது.

இதை முதலில் எடுத்துரைத்தவர் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துக் கண் மருத்துவர் லொக்ஹார்ட் கிப்சன். 1904 இல் அவர், விறாந்தைக் கம்பிகளில் பூசிய ஈய வர்ணமே குழந்தைகளின் நோய்க்குக் காரணம் என்று எழுதினார். 1921 இல் சர்வதேசத் தொழில் அமைப்பு, கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளீயப் பொடி வர்ணத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. இலங்கையில் சூழல் நீதிக்கான மையம் இவ்விடயத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. 2011 இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை ஈயத்தின் உச்ச அளவுகளை வர்த்தமானியில் அறிவித்தது. அவை 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. எனாமலுக்குப் பத்து இலட்சத்தில் 600 பங்கு, இமல்ஷனுக்கு 90 பங்கு என்பது அவ்வரையறை. இந்தியா பின்னர் வீட்டு வர்ணங்களுக்கு 90 பங்கு என்னும் வரையறையை விதித்தது.

இக்கரையார் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த வீடுகளிற் பெரும்பாலானவை 2013 க்கு முன் வர்ணம் பூசப்பட்டவை. அவற்றின் கதவிலும் யன்னலிலும் உள்ள பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்று கொண்டு நடப்பதே அறிவுடைமை. அந்த வீடுகள் மறுவர்ணம் வேண்டும் பருவத்தை அடைந்துள்ளன. பழைய பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தல் ஆகாது. நீர் தெளித்து ஈரமாகவே சுரண்ட வேண்டும். தீச்சுவாலை காட்டி உரித்தலும் ஆகாது. வேலை நடக்கும்போது குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அவ்வீட்டில் இருக்கலாகாது. உணவும் பாத்திரங்களும் முன்னரே அகற்றப்பட வேண்டும். தூளை விளக்குமாற்றால் கூட்டாது ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கழற்றிய யன்னற் சட்டத்தையும் கதவுப் பலகையையும் விறகாக அடுப்பில் வைத்தல் அறவே ஆகாது. அதன் புகையும் சாம்பலும் ஈயத்தைச் சோற்றுப் பானையின் அருகே கொண்டுவரும். புதிதாக வாங்குவோர், ஈயம் சேர்க்காதது என்று பேணியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குதல் வேண்டும். குசினித் தட்டுகளுக்கும் தாழ்ந்த கதவுகளுக்கும் பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் வேண்டும் என்று எண்ணுவோர் இதை இருமுறை பார்க்க வேண்டும்.

முடிவாக, தேர்வு யாருடையது? அடுப்பின் வெம்மை எந்தச் சுவரில் தாக்குகிறது, நீர் எங்கே தெறிக்கிறது, நண்பகலில் எந்த மூலை இருள்கிறது, குழந்தை எந்தக் கதவைப் பிடித்து எழுந்து நிற்கிறது என்பவற்றை அறிந்தவள் அந்தக் குசினியில் நிற்பவளே. மகளுக்கு வீடு கொடுக்கும் பெருவழக்கம் உள்ள ஊர்களில், அவ்வீட்டின் ஒரு சுவரைப் பற்றிய சொல்லையும் அவளுக்குக் கொடுத்தல் கடினமன்று. வாப்பா பணம் கொடுக்கட்டும். மேசன் சுவரை உலரவிடட்டும். வர்ண அட்டை மட்டும் வீட்டுக்கு வரட்டும். மகளும் உம்மாவும் அதை அடுப்பின் அருகே வைத்துப் பார்த்துத் தேர்ந்தால், பணமும் வீணாகாது, சுவரும் நிலைக்கும், அச்சுவரின் அருகே வளரும் குழந்தைக்கும் கேடு வாராது.